சாலைக்கு அந்தப் பக்கம்



செம்பரம்பாக்கம் என்றதும் நமக்கு ஏரி நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரர்களுக்கு அன்றாடக் கவலை பெங்களூரு நெடுஞ்சாலை. பஸ் பிடிக்கவும் மருந்து வாங்கவும் அதைக் கடந்தாக வேண்டும்.

நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். ஆறுவழிச் சாலையின் ஒரு பக்கத்தை மட்டும் தாண்ட, கையில் பையோடு வரும் பாட்டிக்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அதற்குள் 220 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தை இருட்டிலும் மழையிலும் யாரால் கணிக்க முடியும்?

இப்படிப்பட்ட சாலைகளின் மீடியனில், அரளிச் செடிகளுக்கு நடுவே மக்கள் நடந்து நடந்து தேய்ந்த தடம் இருக்கும். அதை அத்துமீறல் என்று கம்பி போட்டு அடைக்கிறார்கள். சுரங்கப்பாதை எங்கே வர வேண்டும் என்பதை அந்தத் தடம்தான் காட்டுகிறது. அரை கிலோமீட்டர் தள்ளி நடைமேம்பாலம் கட்டினால் மூட்டுவலிக்காரர் அதில் ஏறவே மாட்டார்.

2014இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. நல்ல வேலை. ஆனால் அந்தக் கொள்கை மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறது. லாரிகள் வேகம் பிடிப்பதோ அதற்கு அப்பால்தான். 2022இல் மட்டும் நாடு முழுக்க நடந்து சென்றவர்களில் 32,825 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். தடையில்லாத நடைபாதை, வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் சொன்னது. ஊராட்சியில் வாழ்பவருக்கும் அந்த உரிமை உண்டு.

பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டும் திட்டத்தில் செம்பரம்பாக்கமும் இருக்கிறது. தூணுக்குக் குழி தோண்டுவதற்கு முன்பே, நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் வழியை வரைந்துவிட வேண்டும்: 1.8 மீட்டர் அகல நடைபாதை, தெருவிளக்கு, சக்கர நாற்காலி இறங்கும் சரிவு. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இடத்தில் கடையும் வாகன நிறுத்தமும் வந்துவிடும். இதைக் கேட்க வழி இருக்கிறது: சாலையோர ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கிராம சபை கூடுகிறது. எந்த இடத்தில் கடக்கிறோம், எத்தனை மணிக்குக் கூட்டம் அதிகம் என்று எழுதி, அதைத் தீர்மானமாக்கி, நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.