பட்டாவில் உள்ள பெயரும் மறைந்திருக்கும் ஹக்கும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

மனை வாங்க எண்ணுவோர் துஆச் செய்யச் சொல்லி நம்மிடம் வருகின்றனர். துஆ வேண்டியதே. ஆயினும், அந்த மனை யாருடையது என்று பார்த்தீர்களா என வினவினால், "தரகர் நம்ம ஆள்தான் ஹஜ்ரத்" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கிறது.

சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்து ஸஹாபாக்களில் ஒருவரான ஸயீத் பின் ஜைத் (ரளி) அவர்கள் தமது நிலத்தைப் பறித்துக்கொண்டார் என்று அர்வா எனும் பெண்மணி ஆளுநர் மர்வானிடம் முறையிட்டார். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகளும் மாட்டப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைச் செவியுற்றவர் ஸயீத் (ரளி). அதனைக் கேட்ட பின்னும் எடுப்பேனா எனக் கூறி, அந்த நிலத்தை அப்பெண்ணுக்கே விட்டுவிடச் சொன்னார்கள். தமக்குரிய நிலத்திலேயே இத்துணை அச்சம்! நாமோ பிறர் நிலத்தை விசாரிக்காமலே வாங்குகிறோம்.

விசாரிப்பது இன்று கடினமன்று. வருவாய்த் துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டாதாரரின் பெயரும் பரப்பும், நஞ்சையா புஞ்சையா என்பதும் தெரியும். அ-பதிவேட்டில் அது புறம்போக்கா என்பதையும் காணலாம். பதிவுத் துறையின் தளத்தில் 1975 முதலான வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே எடுத்துத் தருவார்கள்.

ஆனால் இங்கேதான் நம்மவர் ஏமாறுகின்றனர். பட்டா என்பது வருவாய்த் துறையின் கணக்கு. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது. வில்லங்கச் சான்றோ பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். தந்தை மவுத்தான அக்கணமே மக்களுக்கு மீராஸ் உரிமை பிறந்துவிடுகிறது. அதற்குப் பத்திரம் ஏது? வாய்மொழியாகச் செய்து, கைவசமும் ஒப்படைக்கப்பட்ட ஹிபா நம் சட்டத்தில் செல்லும். அதுவும் வில்லங்கத்தில் வராது.

மூத்த மகன் பெயரில் பட்டா மாறியிருக்கும். வில்லங்கமும் ஏதுமில்லை என்று வரும். தாயின் எட்டில் ஒரு பங்கும், சகோதரனின் பங்கில் பாதியாகிய சகோதரியின் பங்கும் எங்கே போயின? "கல்யாணத்துக்குச் செய்தாயிற்று" என்பர். செய்தது அன்பளிப்பு, மீராஸ் அல்லாஹ் விதித்த ஹக். விவசாய நிலத்திற்கு ஷரீஅத் சட்டம் பொருந்தாது என்று சிலர் இன்றும் வாதிடுகின்றனர். 1937ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மையே. சென்னை மாகாணம் 1949இல் திருத்தி அதனையும் சேர்த்துவிட்டது. ஆதலின் வாங்குபவர் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். சகோதரிகளும் தாயும் பத்திரத்தில் கையொப்பமிடட்டும், அல்லது தங்கள் பங்கைப் பெற்றுக்கொண்டு, மனமுவந்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும்.

இனி நம் பள்ளியின் சொத்து. 1979இல் தொடங்கி 1980களில் நடைபெற்ற யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் பெயர்ப் பிழைகள் பல நேர்ந்தன. வக்ஃப் நிலம் அப்போதைய முத்தவல்லியின் சொந்தப் பெயரிலோ புறம்போக்கு என்றோ ஏறியிருந்தால், அவருடைய பேரப்பிள்ளைகள் ஒன்றுமறியாமலே விற்றுவிடக்கூடும். முன்னர் வக்ஃப் சட்டத்தின் 107ஆம் பிரிவு, சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்பு இல்லாமல் காத்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அப்பிரிவை மாற்றி, பொதுவான காலவரம்புச் சட்டமே பொருந்தும் என்று ஆக்கிவிட்டது. அசையாச் சொத்தை மீட்கும் வழக்குக்குப் பொதுச் சட்டத்தில் உள்ள காலம் பன்னிரண்டு ஆண்டுகள். நாம் கவனியாமல் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஆக்கிரமித்தவர் கணக்கில் சேரும்.

ஆகவே நிர்வாகத்திடம் ஒன்று கோருகிறோம். பள்ளிவாசல், மையவாடி, கடைகள், நன்செய் அனைத்தின் சர்வே எண்களையும் இம்மலரில் அச்சிடுங்கள். ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்திற்கு முன் அ-பதிவேடு, பட்டா, வில்லங்கம் மூன்றையும் எடுத்து, வரவு செலவுக் கணக்குடன் சபையில் வையுங்கள். பிழை கண்டால் அவ்வாரமே வருவாய்த் துறைக்கு மனுச் செய்து, நகலை வக்ஃப் வாரியத்திற்கும் அனுப்புங்கள். இதற்கென இளைஞர் இருவரை இன்றே நியமித்தால் வரும் ரமலானுக்குள் முதல் பட்டியல் ஆயத்தமாகும், இன்ஷா அல்லாஹ்.