கருவாலிப் பெட்டியும் கடற்சிப்பியும்

இராமேசுவரத்தில் வாங்கிய சோழிகளும், பாட்டனார் விட்டுச்சென்ற பழங்காசுகளும் நம்மோடு ரயிலேறித் தில்லிக்கும் மும்பைக்கும் வந்துவிடுகின்றன. பிஸ்கட் டப்பாவில் சில ஆண்டுகள் கிடந்தபின், அவற்றுக்கென ஓர் இழுப்பறைப் பெட்டி வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு உண்டாகிறது. கைவேலையில் ஆசையுள்ளவர் தாமே உளியை எடுக்கவும் துணிகிறார். அவர் ஆங்கிலத் தச்சு நூல்களைப் புரட்டினால், ஓக் என்னும் கருவாலி மரத்தின் புகழையே எங்கும் காண்பார்.

அப்புகழ் பொய்யன்று. கருவாலி உறுதியானது. அதன் வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி எளிதில் தொடுவதில்லை. வெளிறை மட்டும் நாம் ஒதுக்கிவிட வேண்டும். அடிமரத்தை நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரப் போக்கில் அறுத்தால் பலகையில் வெள்ளிக் கீற்றுகள் மின்னும். அழகுக்காக மட்டும் அவ்வாறு அறுப்பதில்லை. மரம் ஈரத்தை உண்டு விரியும்; உலர்ந்து சுருங்கும். ஆண்டு வளையத்தின் போக்கில் அசைவதில் ஏறக்குறையப் பாதியளவே அது ஆரப் போக்கில் அசைகிறது. வைகாசியில் அனல் வீசி ஆடியில் மழை கொட்டும் தில்லியில் இதனை மறந்து வேலை செய்ய இயலாது. கோடையில் இறுக்கமாகப் பொருத்திய இழுப்பறை மழைக்காலத்தில் திறக்க மறுக்கும்.

ஆகவே, 6 செ.மீ. உயரமுள்ள இழுப்பறையைக் கோடையில் செய்வோமாயின் மேற்புறத்தில் 2 மி.மீ. இடைவெளி விடுவோம், மழைக்காலத்தில் 1 மி.மீ. போதும். மூலைகளைப் புறாவின் வால்போல் விரிந்த பற்களால் ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் எத்தனை முறை இழுத்தாலும் பிரியா. அடிப்பலகையைக் காடியெடுத்துச் செருக வேண்டும், பசை தடவலாகாது. இழுப்பறை ஊர்ந்து செல்லும் சட்டத்தை முன்முனையில் மட்டும் பசையிட்டு ஒட்டிப் பின்முனையை நீள்துளைத் திருகாணியால் பிடித்தல் நன்று. இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டால் பக்கப்பலகை அசைய வழியின்றி வெடித்துவிடும். திருகாணி பித்தளையாக இருக்கட்டும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து மை ஆவதுபோல, கருவாலியின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மரம் கறுத்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்து, சோழிகளைப் பஞ்சின்மேல் அடுக்கி மூடிவிட்டோம் எனக் கொள்வோம். ஆபத்து அப்பொழுதுதான் தொடங்குகிறது.

தச்சர் மொழியில் காடி என்பது பள்ளம். சமையலறையில் அது புளித்த நீர். கருவாலிப் பெட்டியில் இரண்டும் உண்டு. இம்மரம் காடியின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்தை ஓயாமல் ஆவியாக விட்டுக்கொண்டிருக்கிறது. நன்கு உலர்ந்த கட்டையும் இதற்கு விலக்கன்று. மூடிய இழுப்பறையில் அந்த ஆவி தேங்குகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்தால் வேகம் கூடுகிறது. சுண்ணாம்புச் சத்தாலான சிப்பி அதனை எவ்வாறு தாங்கும்? இங்கிலாந்தில் பேழைகளில் வைத்த சிப்பிகள் மங்கி, வெண்பொடி பூத்து, உதிர்ந்துபோவதைப் பற்றி 1899இல் பைன் என்பவர் எழுதினார். அவர் நுண்ணுயிரிகளின்மேல் ஐயங்கொண்டார். கருவாலிப் பேழையே குற்றவாளி என்பதை 1934இல் நிக்கல்ஸ் என்னும் வேதியியலார் காட்டினார். ஆயினும் அக்கேட்டுக்குப் ‘பைன் நோய்’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

ஈயத்தின் கதி இன்னும் கொடியது. முற்காலத்தில் ஈயத்தகட்டைக் காடியின் ஆவியில் வைத்தே வெள்ளைச் சாயம் எடுத்தார்கள். சாதவாகனர் வெளியிட்ட ஈயக்காசு ஒன்று நம்மிடம் இருந்து, அதனைக் கருவாலி இழுப்பறையில் இட்டோமானால், அதே தொழிற்சாலையைச் சிறு அளவில் வீட்டிலேயே நடத்துகிறோம். ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் தாங்கிய காசு நம் அன்பான பெட்டிக்குள் தாங்காமற் போகலாம். தங்கக்காசுக்குக் கேடில்லை, ஆனால் அதனை இழுப்பறையில் வைப்பவர் யார்?

படிகக்கல் போன்றவற்றைச் சேர்ப்போர் கருவாலியில் தாராளமாகப் பெட்டி செய்யலாம். காசுப் பேழைக்கு மகோகனியையே பழங்காலந்தொட்டுத் தேர்ந்து வந்திருக்கிறார்கள். அதுவே நம் கருத்துக்கும் ஏற்றது. அருங்காட்சியகங்கள் இன்று பெரும்பாலும் வண்ணம் சுட்டேற்றிய எஃகுப் பேழைகளை நாடுகின்றன. கருவாலிப் பெட்டி முன்னரே வீட்டில் இருக்குமானால் அதனை எறிய வேண்டியதில்லை. வார்னிஷ் பூச்சு ஆவியை முற்றிலும் தடுக்காது. ஆகையால் சிப்பியையும் ஈயத்தையும் இறுக மூடிய கண்ணாடிச் சிமிழ்களில் இட்டு, அச்சிமிழ்களை வேறோர் அலமாரியில் வைப்போம். முன்னரே வெண்பொடி பூத்த சிப்பி இருந்தால், அதனைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நிழலில் நன்றாக உலர்த்திய பின்னரே சிமிழில் இட வேண்டும்.