மின்சாரம் எல்லாருக்கும், கழிவு மட்டும் கூடங்குளத்துக்கா?

(இணையவழிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிச்சுட்டுப் பகிருங்க.)



அணுமின்சாரம்னு நாம ஒரு பதிவு போட்டா, கீழே ரெண்டு விதமான பதில் வரும். "கரண்ட் வேணாம்னா சிம்னி விளக்கு ஏத்திக்கோங்க" என்பது ஒண்ணு. "உலை அணுகுண்டு மாதிரி வெடிச்சு தென் தமிழ்நாடே அழிஞ்சுடும்" என்பது இன்னொண்ணு. ரெண்டுமே தப்பு.

முதல்ல நம்ம பக்கத்துத் தப்பைத் திருத்திக்குவோம். கூடங்குளம் உலையில் இருப்பது குறைந்த அளவே செறிவூட்டிய யுரேனியம். அது அணுகுண்டு மாதிரி வெடிக்காது. உலை சூடாகி, குளிரூட்ட முடியாமல் போய், கதிர்வீச்சு வெளியே கசிவதுதான் உண்மையான ஆபத்து. 2011 மார்ச் 11-க்குப் பிறகு ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். பொய்யைச் சொல்லி ஒரு நியாயமான கேள்வியைக் கெடுத்துடாதீங்க.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கு. அணு உலை ஓடும்போது புகை வராது, கரியமில வாயு வராது. ராத்திரியிலும் மின்சாரம் தரும். நம்ம முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நல்லா சுத்தும், மற்ற மாதங்களில் காற்று குறைஞ்சிடும். 2012-ல் சென்னைக்கு வெளியே தினமும் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை எந்த விசைத்தறிக்காரரும் மறக்க மாட்டார். மின்சாரம் வேணும். அதில் நமக்குச் சந்தேகமே கிடையாது.

அப்புறம் எதுக்கு எதிர்க்கிறோம்? மூணு கேள்விக்கு இன்னும் பதில் வரலை. அதனாலதான்.

முதல் கேள்வி: எரிந்து முடிஞ்ச எரிபொருள் எங்கே போகும்?

1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தம் போட்டபோது, பயன்படுத்திய எரிபொருளை சோவியத் ஒன்றியமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றுதான் ஏற்பாடு. சோவியத் உடைஞ்ச பிறகு 1998-ல் போட்ட துணை ஒப்பந்தத்தில் அது மாறிப்போச்சு. கழிவு இங்கேயே இருக்கும்னு ஆயிடுச்சு. இடிந்தகரை மக்களிடம் யாராவது கேட்டாங்களா? இல்லை.

2012-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கர்நாடகாவில் எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பேச்சை அப்படியே விட்டுட்டாங்க. 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தது. கூடவே, பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைப்பதற்கான சேமிப்பு மையத்தை ஐந்து ஆண்டுக்குள் கட்டணும்னும் சொன்னது. அந்தக் கெடுவுக்குள் கட்டி முடிக்கலை. 2018-ல் கூடுதல் அவகாசம் வாங்கினாங்க. 2019 ஜூலையில் அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தை அறிவிச்சு, எதிர்ப்பு வந்ததும் தள்ளிவெச்சாங்க. அந்த மையமும் தற்காலிக ஏற்பாடுதான். நிரந்தரமாகப் புதைக்கும் ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் எங்கேயும் கிடையாது.

அந்தக் கழிவில் இருக்கும் புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுக்கு மேல் ஆகும். கீழடியின் வயது 2,600 ஆண்டு. அதையே நாம இப்பதான் தோண்டித் தெரிஞ்சுக்கிறோம். அதைப் போல ஒன்பது மடங்கு காலத்துக்கு ஒரு ஊர் இந்தக் கழிவுக்குக் காவல் இருக்கணும்னா, அந்த ஊரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

இரண்டாவது கேள்வி: விபத்து நடந்தா யார் பொறுப்பு?

போபாலை நினைச்சுப் பாருங்க. 1984-ல் நடந்த விஷவாயுக் கொடுமைக்கு 2010 ஜூனில் கிடைச்ச தண்டனை இரண்டு ஆண்டு சிறை. நாடே கொதிச்சது. அந்தக் கொதிப்புக்கு நடுவில்தான் அதே ஆண்டு அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம் வந்தது. உலை நடத்துபவருக்கு 1,500 கோடி ரூபாய் உச்சவரம்பு. ஆனா அதில் ஒரு நல்ல பிரிவு இருந்தது. கருவியில் குறை இருந்தா, அதை விற்ற நிறுவனத்திடமிருந்து பணத்தைத் திரும்ப வசூலிக்கலாம். வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பிடிக்காத பிரிவு அதுதான்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய அணுசக்திச் சட்டம் அந்தப் பிரிவை எடுத்துடுச்சு. தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. மிகப் பெரிய உலையை நடத்துபவருக்கே இழப்பீட்டு உச்சவரம்பு 3,000 கோடி. ஃபுகுஷிமாவில் இதுவரை கொடுத்த இழப்பீடு 10 லட்சம் கோடி யென்னுக்கு மேல், நம்ம பணத்தில் 5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். மிச்சத்தை யார் கொடுப்பாங்க? அரசு கொடுத்தாலும் அது நம்ம வரிப்பணம்தானே? லாபம் அவங்களுக்கு, நட்டம் நமக்கா?

மூன்றாவது கேள்வி: கேள்வி கேட்டவங்களை எப்படி நடத்தினீங்க?

2011-ல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தவங்க மீனவப் பெண்களும், பீடி சுற்றும் பெண்களும். கையில் ஆயுதம் இல்லை. அவங்க ஊர் மக்களில் ஆயிரக்கணக்கானவங்க மேல் தேசத்துரோக வழக்கு. 2012 செப்டம்பர் 10-ல் கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. அதே நாள் மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிர் போச்சு. வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கன்னு 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலுவையில் இருந்த பல வழக்குகளைக் கைவிடும் அறிவிப்பு வர 2021 ஆயிடுச்சு. அதுவரை வேலைக்குப் போக பாஸ்போர்ட் கிடைக்காமல் தவிச்ச பிள்ளைகள் எத்தனை பேர்?

இன்னைக்கு நாட்டின் மொத்த மின்சாரத்தில் அணுமின் பங்கு சுமார் 3 சதவீதம். 2047-க்குள் 1,00,000 மெகாவாட் என்று இலக்கு வெச்சிருக்காங்க. கூடங்குளத்தில் ரெண்டு உலை ஓடுது, இன்னும் நாலு எழும்பிக்கிட்டிருக்கு. அந்த மின்சாரம் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் புதுச்சேரிக்கும் போகுது. போகட்டும், அது நம்ம சகோதரர்களுக்குத்தான். ஆனா கழிவை மட்டும் ஏன் யாரும் பங்கு போட்டுக்க வரலை?

நம்ம நிலைப்பாடு இதுதான். நிரந்தரக் கழிவுக் கிடங்கு எங்கேன்னு சொல்லாம ஒரு உலைகூட கூடுதலா வரக்கூடாது. கருவி விற்பவரின் பொறுப்பு சட்டத்தில் திரும்பவும் வரணும். கருத்துக்கேட்பு தமிழில், அந்த ஊரிலேயே, போலீஸ் மிரட்டல் இல்லாமல் நடக்கணும்.

இனி யாராவது உங்களை "வளர்ச்சிக்கு எதிரி"ன்னு சொன்னா கோபப்படாதீங்க. இந்த மூணு கேள்வியையும் அமைதியா கேளுங்க. பதில் வந்தா கேட்டுக்குவோம். வரும்வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்போம்.



#கூடங்குளம் #அணுக்கழிவு_எங்கே