ஊர் திரும்பும் கணக்கு



2020 மே மாதம் அம்பன் புயல் நெருங்கியபோது, வங்கதேசம் சுமார் 24 லட்சம் பேரைப் பாதுகாப்பு மையங்களுக்குக் கொண்டுசேர்த்தது. அதுவும் கொரோனா காலத்தில். அதே கரையில் 1970 நவம்பரில் அடித்த போலா புயலில் இறந்தவர்கள் குறைந்தது 3 லட்சம் பேர். அம்பனில் அந்நாடு இழந்தது சில பத்து உயிர்களைத்தான். 1972-இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தின் தொண்டர்கள் கொடியும் ஒலிபெருக்கியுமாக வீடுவீடாகப் போய் ஆட்களைக் கிளப்பியதன் பலன் இது.

ஜெனீவாவில் உள்நாட்டு இடப்பெயர்வைக் கண்காணிக்கும் மையம் ஒன்று இருக்கிறது. அதன் ஏட்டில் இந்த 24 லட்சம் பேரும் இடம்பெயர்ந்தவர்கள்தான். ஆகவே தெற்காசியாவில் அந்த எண்ணிக்கை ஏறினால் உடனே தலையில் கைவைக்க வேண்டியதில்லை. அதில் ஒரு பங்கு, காப்பாற்றப்பட்ட உயிர்கள். கவலைப்பட வேண்டியது அடுத்த கேள்விக்கு: போனவர்கள் வீடு திரும்பினார்களா?

2009 மே மாதம் வந்த அய்லா புயல் வங்கதேசத்தின் சாத்கிரா, குல்னா மாவட்டங்களின் மண்கரைகளை உடைத்தது. உடைந்த கரை அடைபடாததால் வயலுக்குள் உப்புநீர் ஏறியிறங்கிக்கொண்டே இருந்தது. காபுரா தீவில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கரைமேலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. நெல் விளையாத மண்ணில் எத்தனை நாள் காத்திருப்பது? ஆண்கள் நகரங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் போனார்கள். அங்கே அவர்களைக் கூலித் தொழிலாளி என்றார்கள். புயலில் இடம்பெயர்ந்தவர் என்ற கணக்கிலிருந்து அவர்கள் ஓசையில்லாமல் விழுந்துவிட்டார்கள்.

2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் 80 லட்சத்துக்கும் அதிகமான இடப்பெயர்வுகள் பதிவாயின. சிந்து மாகாணத்தில் தண்ணீர் வடியவே மாதங்கள் பிடித்தன. நிலம் ஜமீன்தாருடையது, கடன் மட்டும் குத்தகைக்காரருடையது என்ற நிலையில், தண்ணீர் வடிந்த பிறகும் திரும்புவது எளிதாக இல்லை.

போர் துரத்தியவர்களின் கதை இன்னும் நீளமானது. இலங்கையில் 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கின்றன. 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் யாழ்ப்பாணத்தை விட்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். 2009-இல் வவுனியா மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் அடைபட்டிருந்தார்கள். 2012 செப்டம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியே வந்தவர்களில் கேப்பாப்புலவு மக்கள் ஊர் போகவில்லை. அவர்கள் நிலத்தில் இராணுவம் இருந்தது. அவர்களைச் சீனியாமோட்டையில் இறக்கிவிட்டார்கள். முகாம் மூடியது, ஆனால் இடப்பெயர்வு முடியவில்லை. 2017-இல் அந்தப் பகுதி மக்கள் படை முகாம் வாசலில் இரவுபகலாக உட்கார்ந்து போராடித்தான் காணிகளில் ஒரு பகுதியை மீட்டார்கள்.

மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய மோதலில் சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். பள்ளத்தாக்கில் வாழும் சமூகத்துக்கும் மலையில் வாழும் சமூகத்துக்கும் நடுவே கோடு விழுந்த பிறகு, பழைய வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கே அவர்கள் அஞ்ச வேண்டியிருந்தது.

ஐ.நா. பிரதிநிதி பிரான்சிஸ் டெங் முன்னின்று உருவாக்கிய, உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்கான வழிகாட்டு நெறிகள் 1998-இலேயே ஐ.நா.வில் முன்வைக்கப்பட்டன. ஆப்பிரிக்க நாடுகள் 2009-இல் கம்பாலாவில் அவற்றை உடன்படிக்கையாகவே ஆக்கிக்கொண்டன. இவ்வளவு பட்ட தெற்காசியாவில் அப்படி ஓர் உடன்படிக்கை இல்லை. இது வெட்கப்பட வேண்டிய இடைவெளி.

இந்த மேடையில் பட்டம் பெறும் சட்ட மாணவர்களுக்கு அந்த இடைவெளியில் வேலை இருக்கிறது. பத்திரம் எரிந்துபோன குடும்பத்தின் காணியை எந்த ஆவணத்தால் நிறுவுவது என்பது அவர்கள் விடை காண வேண்டிய கேள்வி. உடைந்த கரையை அடுத்த பெருவெள்ளத்துக்கு முன் அடைப்பது பொறியாளர்கள் பொறுப்பு. முகாம் மூடி மூன்று ஆண்டு கழித்து அந்தக் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்கும் ஒரு வரியைக் கணக்கெடுப்புப் படிவத்தில் சேர்க்கப் புள்ளியியல் படித்தவர்கள் வாதாட வேண்டும்.