மாமன் மடி



காதணி விழாவில் குழந்தையை மடியில் இருத்திக்கொள்வது தாய்மாமன் உரிமை. அவ்வுரிமை சீர்த்தட்டோடு முடிவதன்று, அன்றுதான் தொடங்குகிறது.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை எண்ணிப் பாருங்கள். சுடுகாட்டில் பிறந்த சீவகனை எடுத்து வளர்த்தவன் கந்துக்கடன் என்னும் வணிகன். இழந்த அரசை மீட்கத் துணைநின்றவன், தாய் விசயையின் உடன்பிறந்தானாகிய விதேக நாட்டு மன்னன் கோவிந்தன். தந்தையைக் காணாத பிள்ளைக்கு இவ்விருவரும் இரு கைகளாயினர்.

தந்தையிடம் சொல்ல அஞ்சும் சொல், மாமனிடம் முதலில் வரும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் தங்கை மகள், “பொறியியல் வேண்டா மாமா, தமிழ் படிக்கிறேன்” என்று என்னிடந்தான் சொன்னாள். நான் எவர் பக்கமும் வழக்காடவில்லை. தந்தையையும் மகளையும் எதிரெதிரே அமர்த்தி, இடையில் இருந்தேன். மூன்று மாலைகள் பேசியபின் மைத்துனர் இசைந்தார். இன்று அவள் எழுதும் கட்டுரைகள் திருத்தத்திற்காக முதலில் எனக்கே வருகின்றன. திருத்த வேண்டியவை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. இதனினும் இனிய ஓய்வூதியம் எனக்கு வேறில்லை!

இன்று பல வீடுகளில் ஒரே பிள்ளை. உடன்பிறந்தார் இல்லாதவளின் குழந்தைக்கு மாமன் எங்கிருந்து வருவான்? கந்துக்கடன் சீவகனுக்குக் குருதியுறவினன் அல்லன் என்பதை நினைவிற்கொள்வோம். இவ்விழாவில் ஓடியாடும் பிள்ளைகளுள் ஒருவரையேனும் நம்மவராக ஏற்று, அவர் சொல்வதைச் செவிமடுப்போம்.

வாழ்க அறம்!