தொட்டுக் காக்கும் படிப்பு



நீட் தேர்வோடு மருத்துவத் துறையின் கதவு மூடிவிடவில்லை. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடக்கிறது. அதில் 69 சதவீத இட ஒதுக்கீடும் உண்டு. உள்ளூர் முதல் வெளிநாடு வரை செவிலியருக்கு வேலை இருக்கிறது.

ஆனால், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நமக்கு வழிசொல்ல வீட்டில் ஆளில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் 'ஆறே மாதத்தில் நர்ஸ்' என்று பலகை மாட்டுகிறார்கள். அந்தச் சான்றிதழைக் கொண்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் அரசு வேலையும் இல்லை. பணம் கட்டும் முன் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள்.

'நர்ஸ் வேலையா?' என்று முகம் சுளிப்பார்கள். தொட்டால் தீட்டு என்ற சமூகம் இது. இங்கே எல்லா உடலையும் தொட்டுக் காப்பதில் என்ன இழிவு?