வலயமும் வழிப்போக்கனும்



உக்ரேன் நாட்டின் வடபால், பெலாருஸ் எல்லையை அடுத்து, மக்கள் குடியிருக்கலாகாதென விலக்கப்பட்ட நிலப்பரப்பு ஒன்று உளது. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி அதிகாலையில், அங்குள்ள செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. மறுநாட் பிற்பகல், அண்மையிலிருந்த பிரிப்பியாத் நகரத்து மக்கள், ஏறத்தாழ 49,000 பேர், பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்றே அவர்கள் எண்ணிச் சென்றனர். அந்நகரத்திலே மே முதலாந் திகதி திறப்பதற்கெனக் களியாட்டப் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதன் இராட்டினம் இன்றும் துருவேறி நிற்கின்றது.

இந்நிலப்பரப்பைக் களமாகக் கொண்டு, உக்ரேனியத் தலைநகரான கீவிலே 1995இல் தொடங்கப்பெற்ற ஜி.எஸ்.சி. கேம் வேர்ல்ட் என்னும் நிறுவனம் கணினி விளையாட்டுத் தொடர் ஒன்றைப் படைத்தது. அதன் பெயர் ‘ஸ்டாக்கர்’. 2007ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரை அதில் நான்கு பாகங்கள் வெளிவந்துள்ளன. துப்பாக்கி ஏந்தி ஆடும் விளையாட்டைப் பற்றி வானொலியிற் பேசவும் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். இவை சிறுவர்க்குரியன அல்ல என்பது உண்மையே. ஆயினும், தம் நாட்டு மண்ணில் நேர்ந்த பேரழிவை ஒரு நாட்டினர் எவ்வெவ்வாறு எண்ணிப் பார்த்தனர் என்பதற்கு இத்தொடர் நல்லதொரு சான்று. அவ்வகையில் இந்நான்கையும் ஒப்புநோக்குதல் தகும்.

முதற்கண் கதைக்களத்தைக் கூறல் வேண்டும். 2006ஆம் ஆண்டில் அவ்விடத்தே இரண்டாவது வெடிப்பு ஒன்று நிகழ்ந்ததாகக் கற்பனை செய்யப்பட்டுள்ளது. அதன் பின்னர் அந்நிலம் ‘வலயம்’ ஆகின்றது. அங்கே இயற்கையின் விதிகள் பிறழ்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத பொறிகள் மனிதனைச் சுழற்றி எறிகின்றன, எரிக்கின்றன, நசுக்குகின்றன. அப்பொறிகளிடையே விளையும் விந்தைப் பொருள்களைத் திரட்டி விற்பதற்காகத் திருட்டுத்தனமாக உட்புகுவோரே ஸ்டாக்கர் எனப்படுவோர். இக்கற்பனை செர்னோபிலுக்கு முந்தியது. ஸ்துருகாத்ஸ்கி சகோதரர் இருவர் 1972இல் வெளியிட்ட ரஷ்ய நாவலிலே வலயமும் ஸ்டாக்கரும் வந்துவிட்டனர். 1979இல் தார்க்கோவ்ஸ்கி என்னும் இயக்குநர் அதனைத் திரைப்படமாக்கினார். அச்சொல்லைக் கிப்ளிங்கின் பள்ளிக்கூடக் கதையொன்றில் வரும் ஸ்டாக்கி என்னும் மாணவன் பெயரிலிருந்தே பெற்றதாக அச்சகோதரருள் ஒருவரான பொரிஸ் கூறியுள்ளார். ஆங்கிலப் பள்ளி மாணவன் ஒருவன் பெயர் ரஷ்ய நாவலிற் புகுந்து, உக்ரேனிய விளையாட்டிலே குடிகொண்ட விந்தையை என்னென்பது!

இத்தொடரின் பாகங்களை எதனைக் கொண்டு அளப்பது? படத்தின் தெளிவு, துப்பாக்கிகளின் தொகை, நிலப்பரப்பின் விரிவு எனப் பலவற்றைப் பலர் எடுத்துக்காட்டுவர். அவை யாவும் ஆண்டுதோறும் மாறுவன. வேறோர் அளவுகோல் உண்டு. பெரும்பாலான விளையாட்டுகளில் உலகம் ஆடுபவனுக்காகக் காத்திருக்கும். அவன் கதவைத் திறந்த பின்னரே உள்ளிருப்பவன் உயிர்பெறுவான். ஸ்டாக்கரைப் படைத்தோர் இதற்கு மாறாக, ஆடுபவன் பார்த்தாலும் பாராவிட்டாலும் தன்பாட்டில் இயங்கும் உலகொன்றை அமைக்க விரும்பினர். நாய்கள் கூட்டமாய் இரைதேடும். வழிப்போக்கர் தம் அலுவலிற் செல்வர். எங்கோ ஒரு குன்றின் பின்னால் எவனோ இறப்பான். அவனுடைய உடலை ஆடுபவன் பின்னர் காணக்கூடும், காணாமலும் போகக்கூடும். இதற்கென அமைத்த செயன்முறைக்கு ‘ஏ-லைஃப்’ எனப் பெயரிட்டனர். வலயம் எவருக்காகவும் காத்திராது என்னும் இவ்வெண்ணமே தொடரின் உயிர்நாடி. எந்தப் பாகம் இதனைக் காத்தது, எது கைவிட்டது என்பதே பார்க்கத்தக்கது.

முதற்பாகமாகிய ‘செர்னோபிலின் நிழல்’ 2001இல் அறிவிக்கப்பட்டு, 2007 மார்ச்சிலேயே வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் திட்டமிட்டவற்றுட் பல வெட்டியெறியப்பட்டன. ஏ-லைஃபும் முதலில் எண்ணிய அளவிற் குறைக்கப்பட்டது. எஞ்சியதோ வியக்கத்தக்கது. இடிமழையிலே கவிழ்ந்த பாரவூர்தியிலிருந்து நினைவிழந்த ஒருவன் மீட்கப்படுகின்றான். ‘ஸ்திரெலொக்கைக் கொல்’ என்னும் கட்டளை ஒன்றே அவனிடம் உளது. தேடிச் செல்லுந்தோறும், தேடப்படுபவன் தானே என்பதை அவன் அறிகின்றான். பழைய நாடகங்களை அறிந்தவர்க்கு இத்திருப்பம் புதிதன்று. ஆனால் இவ்விளையாட்டின் வலிமை கதையில் இல்லை. அது இடத்தில் உளது. படைப்பாளர் விலக்கு நிலத்திற்கு நேரிற் சென்று எடுத்துவந்த புகைப்படங்களைக் கொண்டே ஊர்களையும் கட்டடங்களையும் அமைத்தனர். சாம்பல் நிற வானம், கைவிடப்பட்ட பண்ணை, தீமூட்டிச் சூழ்ந்திருந்து கித்தார் வாசிக்கும் நாலைந்து பேர், ஒரு துண்டுப் பாண், கதிரியக்கத்திற்கு மருந்தாக வொட்கா! மருத்துவர் எவரும் இம்மருந்தை ஒப்பார்; விளையாட்டுக்குள் மாத்திரம் அது பலிக்கின்றது. முன்னே பொறி உண்டோ என அறியத் திருகாணியை எறிந்து எறிந்து நடக்க வேண்டும். இவ்வாறு நடக்கையில் விரைவு தானாகவே அடங்கிவிடும்.

இறுதியில், அணுவுலையை மூடிய கொங்கிறீற்றுக் கூட்டினுள், வேண்டியதை அருளும் எனப்படும் கல்லொன்று நிற்கின்றது. பெரும்பணம் சேர்த்தவனுடைய நாவிலே செல்வம் வேண்டுமென்ற சொல்லே வரும். பொற்காசு பொழிவதாக அவன் மகிழ்ந்து நிற்க, உண்மையில் கூரையே இடிந்து அவன்மேல் வீழ்கின்றது. வலயம் மறையட்டும் என வேண்டியவன் கண்ணொளியை இழக்கின்றான். அவனளவில் எல்லாமே மறைந்துவிட்டன அன்றோ! ஆடியவன் நடந்துகொண்ட முறையைக் கணக்கிட்டு முடிவு தரப்படுதல், அறநூல் கற்றாரையும் எண்ண வைக்கும்.

2008இல் வந்த ‘தெளிந்த வானம்’ முன்கதை கூறுவது. இங்கே உலகின் தன்னியக்கம் குழுப்போராக மாற்றப்பட்டது. பல குழுக்கள் இடங்களைப் பிடிக்கவும் இழக்கவும் செய்கின்றன. ஆடுபவன் விரும்பிய குழுவிற் சேரலாம். கேட்பதற்கு நன்றே. நடைமுறையிலோ, உதவிக்கு அழைக்கும் குரல் ஓயாது ஒலித்துக்கொண்டே இருக்கின்றது. ஓரிடத்தைக் காத்து நிமிர்வதற்குள் மற்றோரிடம் வீழ்ந்துவிடும். எவருக்கும் காத்திராத வலயம் இங்கே ஒருவனையே எந்நேரமும் கூவியழைக்கின்றது. வெளிவந்த காலத்திற் பிழைகளும் மலிந்திருந்தன. ஆயினும் ஆயுதங்களைப் பழுதுபார்த்தல், புலனாகாத பொருளைக் கருவிகொண்டு தேடுதல், வானம் செந்நிறமாகி வெடிக்கும்போது ஓடி ஒளிதல் ஆகியவை இப்பாகத்திலேயே வேரூன்றின. தொடக்கத்தில் வரும் சதுப்பு நிலத்தின் அழகை மறுப்பார் இலர்.

மூன்றாம் பாகம் ‘பிரிப்பியாத்தின் அழைப்பு’. 2009 ஒக்டோபரில் உக்ரேன் முதலிய நாடுகளிலும், அடுத்த ஆண்டில் மேல்நாடுகளிலும் வெளிவந்தது. வேலைப்பாட்டிற் குறைகாண்டல் அரிதான பாகம் இதுவே. வலயத்தில் வீழ்ந்த ஐந்து ஹெலிகொப்டர்களின் கதியை ஆராய, பாதுகாப்புச் சேவையைச் சேர்ந்த மேஜர் டெக்தியாரோவ் மாறுவேடத்தில் வருகின்றார். நிலம் மூன்றே பகுதிகள். ஒவ்வொன்றும் அகன்றது, ஆராய்ந்து அமைக்கப்பட்டது. சேற்றிற் புதைந்த கப்பலொன்று விடுதியாகின்றது. யானோவ் புகையிரத நிலையத்திலே, வெளியே ஒருவரையொருவர் சுட்டுக்கொல்லும் இரு குழுவினர், உடன்பாடு செய்துகொண்டு ஒரே கூரையின்கீழ் உறங்குகின்றனர். வானம் வெடிக்கும் வேளை எல்லோரும் ஓடி ஒளிகின்றனர், பிந்தியவன் மாள்கின்றான். பிரிப்பியாத்துக்குச் செல்லும் சுரங்கவழியிற் கூட்டிச்செல்லத் துணைவரைத் திரட்ட வேண்டும். ஒருவனுடைய கடனைத் தீர்த்தால் அவன் வருவான். முடிவிலே, உதவி பெற்றவரும் பெறாதவரும் பின்னர் என்னவாயினர் என்பது ஒவ்வொருவராகச் சொல்லப்படுகின்றது. முதற்பாகம் ஒருவனுடைய ஆசையை விசாரித்தது. மூன்றாம் பாகமோ அவன் பிறர்க்கு என்ன செய்தான் என விசாரிக்கின்றது. அச்சமும் புதிர்மையும் முதற்பாகத்திற் போல இங்கே இல்லை. விளக்கேற்றிய அறையிற் பேய்க்கதை கேட்பது போன்றது எனலாம்.

அதன் பின்னர் நெடும் இடைவெளி. நான்காம் பாகத்திற்கான முயற்சி 2011இல் நிறுவனம் மூடப்பட்டதனால் நின்றது. பின்னர் நிறுவனம் மீள எழுந்து, 2018இல் மீண்டும் அறிவித்தது. இடைக்காலத்தில் இரசிகர்கள் வாளாவிருக்கவில்லை. ‘அனோமலி’ என்னும் ஆக்கத்திலே மூன்று பாகங்களின் நிலங்களையும் ஒன்றிணைத்து, எங்கும் மாந்தரும் விலங்கும் தன்பாட்டில் அலையுமாறு செய்து, விலையின்றி வழங்கினர். இத்தொடரில் மக்கள் விரும்பியது யாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நான்காம் பாகம் வெளிவர நியமிக்கப்பட்ட காலம் 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டு பெப்ரவரி 24ஆந் திகதி ரஷ்யப் படைகள் உக்ரேனுட் புகுந்தன. அன்றே செர்னோபில் நிலையமும் அவர்கள் கைக்குச் சென்று, மார்ச் இறுதிவரை அவர்களிடம் இருந்தது. நிறுவனத்தினர் ஒரு பகுதியினர் பிராக் நகருக்குச் சென்றனர். ஒரு பகுதியினர் தாய்நாட்டிலேயே தங்கிப் பணிசெய்தனர். சிலர் படையிற் சேர்ந்தனர். ‘தெளிந்த வானம்’ பாகத்திற் பணியாற்றிய வொலோதிமிர் யெஜோவ், 2022 டிசம்பரில் பக்முத் அருகே போரில் மாண்டார். விளையாட்டின் பெயரிலிருந்த செர்னோபில் என்னும் ரஷ்ய வழக்கு, ‘சொர்னோபில்’ என்னும் உக்ரேனிய வழக்காக மாற்றப்பட்டது. முன்னைய பாகங்களிற் பெரும்பாலும் ஒலித்த ரஷ்யக் குரல்கள் நீக்கப்பட்டன. ஓரெழுத்து மாற்றந்தானே எனக் கருதுவோர், ஓர் ஊரின் பெயரை யார் எவ்வாறு எழுதுவது என்பதன் பொருட்டு எழுந்த பூசல்களை அறியாதவராவர்.

‘சொர்னோபிலின் இதயம்’ 2024 நவம்பர் 20ஆந் திகதி வெளிவந்து, இரண்டு நாட்களில் பத்து இலட்சம் பிரதிகள் விற்றது. நிலம் முழுதும் இடையறாத ஒரே பரப்பு. ஏறத்தாழ 64 சதுர கிலோமீற்றர். அதன் தலைவன் ஸ்கிஃப் வலயத்திற்கு வெளியே வாழ்ந்தவன். அங்கே அவனுடைய வீடு வலயத்தின் விளைவொன்றால் அழிந்துபோகின்றது. ஏனென்று அறியவே அவன் உட்புகுகின்றான். முன்னைய தலைவர்கள் அழிவைத் தேடிச் சென்றவர்கள். இவனையோ அழிவு வீடு தேடி வந்தது. அழகிலும் விரிவிலும் ஏனையவற்றை விஞ்சிய இப்பாகம், வெளிவந்த வேளையில் உயிர்நாடியிலேயே தளர்ந்திருந்தது. ஏ-லைஃப் செவ்வனே இயங்கவில்லை. யாருமற்ற வெளியிலே ஆடுபவனுக்குப் பின்னால் பகைவர் திடீரெனத் தோன்றினர். உலகம் அவனுக்காகக் காத்திருந்தது போலாயிற்று. இரசிகர் முறையிட்டனர், நிறுவனத்தினர் குறையை ஒப்புக்கொண்டு, டிசம்பரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்களை வெளியிட்டனர். திருத்தப் பணி அதன் பின்னரும் தொடர்ந்தது. குண்டுவீச்சுக்கும் மின்வெட்டுக்கும் இடையே முடித்த வேலை என்பதனால் குறை குறையன்று என்றாகிவிடாது. ஆயினும் அவ்வேலை முடிக்கப்பட்டதே பெரிது.

புதிதாக ஆட விரும்புவோர் முதற்பாகத்தில் தொடங்குதல் நன்று. அதன் கரடுமுரடைப் பொறுத்துக்கொண்டால் பயன் உண்டு. பொறுமை குறைந்தோர் மூன்றாம் பாகத்தை முதலில் எடுக்கலாம். நான்காம் பாகத்தை, திருத்தங்கள் யாவும் சேர்ந்த நிலையிற் பெறுதல் வேண்டும். இரண்டாம் பாகத்தைக் கடைசிக்கு ஒதுக்கினாலும் இழப்பில்லை. நாணற் புதர்களிடையே பனிமூட்டம் விலகும் அச்சதுப்பு நிலத்தின் வைகறையைக் காண்பதற்காகவேனும் ஒருமுறை அதனுட் புகலாம்.